டெமோ மிஸ்

"இந்தப் பத்து வருஷமும் சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்டார் பிரின்சிபல் மேடம். மலையாளத்தில்தான் கேட்டார். திருவனந்தபுரத்து மலையாளத்தில் எவ்வளவு வெடுக்கென்ற கேள்வியும் கொஞ்சம் ராகம் போட்டு வந்து விழும். அதனால் எனக்குக் கோபம் வரச் சற்று நேரமாயிற்று. வந்த பிறகு போகவே இல்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

சும்மா இருந்தேனாம். மூத்தவளுக்கு மழைக்காலம் வந்தால் மூச்சிரைப்பு. சின்னவன் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கவளத்துக்கு ஒரு கதை வேண்டும். என் கணவருக்கு பாங்கில் ஆடிட் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். அந்த வருஷங்களில் அவருக்கு இரண்டு பிரமோஷன் வந்தது. "நீ ஊர் சுற்றும்போது உன் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது?" என்று எந்த இன்டர்வியூவிலும் அவரை யாரும் கேட்கவில்லை. அவருடைய பயோடேட்டாவில் இடைவெளியே கிடையாது. என்னுடையதில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறதாம். எதிரே உட்கார்ந்த மூன்று பேரும் அதற்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சும்மா இல்லை மேடம், ரெண்டு குழந்தைகளை வளர்த்தேன்" என்றேன். மேனேஜ்மெண்ட் தரப்பில் வந்திருந்தவர் சிரித்தார். "அது எல்லாரும் செய்யறதுதானே" என்றார். எல்லாரும் என்றால் அவரும் செய்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு ஒருநாளாவது டிபன் டப்பா கட்டிக் கொடுத்தவராகத் தெரியவில்லை. நான் வாயை அடக்கிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும்.

எதற்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்துப் பல வருஷம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தவள். நாற்பது முகங்களில் ஒன்று "ஓ, அப்படியா!" என்று மலர்வதைப் பார்த்துப் பழகியவளுக்கு, அது இல்லாமல் இருப்பது ஒரு பசி. சின்னவன் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் நான் மனுப்போட ஆரம்பித்தேன். கோட்டைக்குள் நாங்கள் இருக்கும் தமிழ்த் தெருவில் ஒரு மாமி என்னை நிறுத்தி, "இப்போ என்னத்துக்குடி வேலைக்குப் போகணும்? அவன் நன்னா சம்பாதிக்கறானோன்னோ?" என்று கேட்டாள். அந்த நாட்களில் பதில் சொல்லாமல் விழுங்கியது நிறைய.

"டச் விட்டுப் போயிருக்கும். ஒரு டெமோ எடுங்க, பார்க்கலாம்" என்றார் பிரின்சிபல். தனியார் பள்ளிக்கூடங்களில் இது வழக்கம். வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் நிஜ வகுப்பில், நிஜப் பிள்ளைகளுக்கு, ஒரு பீரியட் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் முதல்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோதும் டெமோ எடுத்தவள்தான். அன்றைக்கே உண்டு அல்லது இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

இங்கே எனக்கு எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன் கொடுத்தார்கள். எந்தப் பயிற்சியில், எந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள். எவ்வளவு ஒழுங்கான பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டேன்! முதல் நாள் இரவே சமையலில் பாதியை முடித்து வைத்து, காலையில் இரண்டு பிள்ளைகளையும் கிளப்பிவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்தேன். புடவை மடிப்பைப் பஸ்ஸிலேயே சரி செய்துகொண்டேன். வழியெல்லாம் கணக்குகளை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். போர்டு முன்னால் நின்று மார்க்கரைத் திறந்ததும் பயம் போய்விட்டது. டச் விட்டுப் போகவில்லை. பின்பெஞ்சில் எவன் பையைக் குடைகிறான் என்பதைத் திரும்பாமலே சொல்ல முடிந்தது. வீட்டில் இரண்டு பேரை வைத்துப் பத்து வருஷம் பயிற்சி எடுத்தவளுக்கு இதெல்லாம் மறக்குமா?

பிரின்சிபல் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போன் வந்தது. எழுந்து போனவர் திரும்பவில்லை. பெல் அடித்ததும் ஆபீஸில், "நல்லா இருந்தது. ஆனா மேனேஜ்மெண்டும் பார்க்கணுமில்லே? நாளைக்கு ஏ செக்‌ஷன்ல ஒண்ணு எடுங்க" என்றார்கள். மறுநாள் ஏ செக்‌ஷனில் பின்பெஞ்சு காலி. மேனேஜர் அவசரமாகக் கொல்லம் போய்விட்டாராம். "சாரமில்லா, பரவாயில்லை டீச்சரே, ஒண்ணும் நினைக்காதீங்க, அடுத்த பீரியட் சி செக்‌ஷன் ஃப்ரீயாத்தான் இருக்கு, அதையும் எடுத்திடுங்க" என்றார்கள். அதற்கடுத்த வாரம் கணக்குத் துறைத் தலைவர் லீவு. "அவர் வர்ற வரைக்கும் கண்டினியூ பண்ணுங்க, அப்பத்தான் அவருக்கு ஒரு ஐடியா கிடைக்கும்."

நானும் போனேன். ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்வதா, வகுப்பு கிடைத்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை என்று சொல்வதா? சந்தோஷமாக இருந்தேன், அதுதான் உண்மை. வீட்டில் மகள், "அம்மா, நீ இப்போ பாடிண்டே தோசை வார்க்கறே" என்றாள்.

இரண்டாவது வாரம் மறுபடி பி செக்‌ஷன். போர்டில் சுலபமான ஒன்றை எழுதினேன். x கூட்டல் ஐந்து சமம் பன்னிரண்டு. x எவ்வளவு? ஏழு என்று வகுப்பே கத்த வேண்டிய கணக்கு. நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதிப் பேர் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதோ என்று பார்த்தால், அப்படியும் இல்லை. ஜன்னலோரத்திலும் இரண்டு, கதவோரத்திலும் இரண்டு. முன்பெஞ்சில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள், அவளும் இரண்டு.

அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஐந்தைக் கழித்திருந்தாள், வலப்பக்கமும் ஐந்தைக் கழித்திருந்தாள். அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம், ஐந்து அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகும் என்று இன்னொரு ஐந்தையும் கழித்திருந்தாள். பன்னிரண்டில் ஐந்து போய், மறுபடி ஐந்து போய், இரண்டு.

"ஏன் கண்ணு ரெண்டு தடவை கழிச்சே?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "ஆத்யம் வந்த டெமோ மிஸ் ரெண்டு பக்கமும் கழிக்கணும்னு சொன்னாங்க. ரெண்டாமது வந்த டெமோ மிஸ், அதெல்லாம் வேண்டாம், அந்தப் பக்கம் கொண்டுபோய் மைனஸ் போடுன்னு சொன்னாங்க. ரெண்டையும் செஞ்சா ரெண்டு மிஸ்ஸுக்கும் பிணக்கம் வராதில்லே மிஸ்?"

இரண்டு வழியும் சரியானவைதான். ஒரே காரியத்தின் இரண்டு பெயர்கள் அவை என்பதைச் சொல்ல மட்டும் யாருக்கும் இரண்டாவது பீரியட் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளோ பெரியவர்கள் யார் மனசையும் நோகடிக்காமல் எல்லார் சொன்னதையும் செய்துவிட்டன.

"எத்தனை டெமோ மிஸ் வந்தாங்க?" என்றேன்.

"மிஸ்தான் நாலாமது. மூணாமது வந்த மிஸ் ஜியோமெட்ரி தொடங்கினாங்க, அப்புறம் வரலை. எங்க சொந்த மிஸ் ப்ரசவத்துக்குப் போயிருக்காங்க." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "மிஸ் தான் கூடுதல் நாள் வந்தது" என்றாள்.

டெமோவாவது, பார்வையாவது! பிரசவத்துக்குப் போன டீச்சர் இடத்தில் தற்காலிகமாக ஒருத்தியைக்கூடப் போடாமல், என்னை மாதிரி வேலைக்கு ஏங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்பளமில்லாமல் பாடத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி சலித்துப்போய் நின்றுவிட்டால் அடுத்தவள். எங்களுக்கு ஏது பஞ்சம்? இந்த ஊரில் பி.எட். முடித்துவிட்டு, பிள்ளை வளர்க்க வீட்டில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஒரு கதவு திறக்காதா என்று நிற்கிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். மேலே விழுந்து வேலை செய்வோம், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பாதியில் வெளியே நடந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர்களுக்குப் பரீட்சை. நான் போனால் அந்த வகுப்பு இரண்டு என்றே எழுதிவிட்டு வரும். ஒரு டீச்சர் அப்படி விட்டுவிட்டுப் போக மாட்டாள் என்பதையும் சேர்த்துத்தானே கணக்குப் பண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றியபோது இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. போர்டில் ஒரு தராசு வரைந்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கக் கொண்டுபோகிற தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு தட்டில் ஒரு பையும் ஐந்து தேங்காயும், மறு தட்டில் பன்னிரண்டு தேங்காய். "எல்லாத் தேங்காயும் ஒரே கனமா மிஸ்? எந்தக் கடையில?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது. பெல் அடிக்கும்போது எல்லா நோட்டிலும் ஏழு இருந்தது.

நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. "எனக்கு முன்னால மூணு பேர் டெமோ எடுத்திருக்காங்க. லீவில போன டீச்சரோட பாடத்தைத்தான் நாங்க எல்லாரும் எடுத்துட்டிருக்கோம். அப்படித்தானே?" என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். வெட்கப்படுவார் என்றாவது நினைத்தேன். அவர் டீ கொண்டுவரச் சொன்னார். "எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதான் டீச்சரே. உங்களுக்கும் ப்ராக்டிஸ் ஆச்சில்லே?" என்றார். வந்த டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அப்பா அம்மாக்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு நிரந்தரமாகக் கணக்கு டீச்சர் வேண்டும் என்று. "நாங்க தீருமானிச்சாச்சு. நீங்க திங்கக்கிழமை ஜாயின் பண்ணுங்க" என்றார்.

என் மனசு குதித்தது. அந்த நிமிஷம் அது குதித்ததை நான் மறைக்கப் போவதில்லை. பிறகுதான், "அப்ப லீவில இருக்கற டீச்சர்?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை வரணும். அதுக்குள்ள நீங்க ஜாயின் பண்ணிட்டா வேகன்சி இல்லைன்னு சொல்லிடலாம். கைக்குழந்தை வச்சிட்டு அவங்களால முடியுமா? பாதி நாள் லீவு போடுவாங்க. உங்களுக்கு அந்தச் சல்லியம், தொல்லையெல்லாம் முடிஞ்சு போச்சே. அதுதான் உங்க பிளஸ்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளம் என்று எட்டிப் பார்த்தது இப்போது பிளஸ் ஆகிவிட்டது! அன்றைக்கு, குழந்தையோடு இருந்ததால் நான் ஆகாதவள். இன்றைக்கு, குழந்தையோடு இருப்பதால் அவள் ஆகாதவள். அந்த அறையின் அலமாரியில் பிரின்சிபலின் குடும்பப் படம் ஒன்று இருந்தது. அவரும் இரண்டு பெற்றவர்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தேன். "என்ன யோசிக்க இருக்கு?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், கதவைப் பார்த்துக்கொண்டே, லீவில் இருக்கிறவரின் நம்பரைக் கொடுத்தார். "நான் தந்தேன்னு சொல்லிடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

கணவர் அன்று ஊரில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சேரலேன்னா இன்னொருத்தி சேருவா. அவ்வளவுதானே?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"அந்த இன்னொருத்தியும் நான்தான். புடவை மட்டும் வேற" என்றேன்.

"பத்து வருஷமா காத்துண்டிருந்தே. இப்போ கையில வந்ததை விடறேங்கறே."

"விடறேன்னு சொல்லலே. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துக்க மாட்டேன்."

போன் போட்டேன். "ஹலோ, ஆரா? இங்க ரேஞ்ச் இல்ல..." என்று மலையாளத்தில் கேட்டது, லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதைதான். கடைசியில் அவள் தாய்வீடு விதுரா சந்தைக்குப் பின்னால் என்பது மட்டும் காதில் விழுந்தது. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். "மத்தியானச் சாப்பாடு?" என்றார் வாசல்வரை வந்து. "நீங்கதான் பண்ணணும்" என்றேன். நெடுமங்காட்டில் பஸ் மாறினேன். வழி நெடுக, அவளிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சந்தைக்குப் பின்னால் ஓடு போட்ட சின்ன வீடு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள். என்னைவிட மிகவும் சின்னவள், தலைமுடியை அள்ளி முடிந்திருந்தாள். நான் மலையாளத்தில் என்னைச் சொல்லிக்கொண்டேன். அவள் உள்ளே திரும்பி, "அம்மா, ஆளு வந்திருக்கு, ஒரு கட்டஞ்சாயா போடு" என்றாள். தமிழ்! அவளுடைய அப்பாவும் அம்மாவும் மேலே எஸ்டேட்டில் தேயிலை பறிக்க வந்த தமிழர்களாம். அவள் அங்கிருந்து இறங்கிப் படித்து, பி.எட். முடித்து, நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆனவள். அந்த இடத்தைத்தான் என்னை வைத்துத் தட்டிப் பறிக்கப் பார்த்தார்கள்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், திங்கட்கிழமை என்னைச் சேரச் சொன்னது வரைக்கும். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "நான் கூப்பிடறப்பெல்லாம், சப்ஸ்டிட்யூட் போட்டாச்சு, நீ நல்லா ரெஸ்ட் எடுன்னு சொன்னாங்க அக்கா. நான் அங்க ஒரு ரூம்கூடப் பார்த்து வச்சாச்சு. குழந்தையைப் பார்க்க அம்மா கூட வராங்க." அழுவாள் என்று பயந்தேன். அவள், "போர்ஷன் எதுவரை ஆயிருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு டீச்சர்தான் பதில் சொல்ல முடியும். இரண்டு முறை ஐந்தைக் கழித்த கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "என் பிள்ளைங்களை என்ன பாடு படுத்தியிருக்காங்க!" என்று கத்தினாள், குழந்தை விழித்துவிட்டது. அதை நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு கையும் காலியாக, ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள். ஏ செக்‌ஷனில் எங்கே நிற்கிறது, சி செக்‌ஷனில் யார் பின்னம் என்றால் பயப்படுகிறாள், யார் வீட்டில் வேறு யாரோ கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "அவள் சத்தமா சொல்ல மாட்டா அக்கா, போர்டுக்குக் கூப்பிட்டாத்தான் போடுவா" என்று எனக்குத் தெரியாததை அவளும் சொன்னாள். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் ஒரு நாளும் ஆர்டர் கொடுக்கவில்லை. நான் முறையாகச் சார்ஜ் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

"புதன்கிழமை வரைக்கும் நிக்காதே. லீவை முடிச்சுக்கறேன்னு திங்கக்கிழமை முதல் பெல்லுக்கு முன்னாடி போய்க் கையெழுத்துப் போடு. போட்டுட்டு நேரா வகுப்புக்குப் போயிடு. ஆபீஸ்ல யார் கூப்பிட்டாலும் பீரியட் முடிஞ்சு வரேன்னு சொல்லு" என்றேன்.

"சரிக்கா" என்று எழுதினாள். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க?"

அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. தப்புச் செய்தவர்கள் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து திங்கட்கிழமை அறைக்கு வருவார்கள். இவளைக் கண்டால் முகம் சுளித்துவிட்டு, அடுத்த டெமோவுக்கு வேறு வகுப்பு பார்ப்பார்கள். என்னிடம் ஒரு வகுப்பு இருந்தது, அதை நானே எழுதிக் கொடுத்தாயிற்று. இனி இன்னொரு அறையில் இன்னொரு மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, சும்மாவா இருந்தீங்க என்று கேட்பார்கள். செய்தது சரி என்று தெரிந்தும் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த மலை கிடுகிடுக்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.

மடியில் குழந்தை அப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. "நீ எழுது" என்று மெதுவாகச் சொன்னேன்.